பழைய பிக்கப் டிரக்கில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்: கோளாறைக் கண்டறிவது எப்படி?

அமெரிக்காவில் பயன்படுத்திய பிக்கப் டிரக் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சினைத்தான் கூர்ந்து பார்க்கிறார்கள். புகை வருகிறதா, சேஸிஸில் துரு ஏறியிருக்கிறதா, டயர் தேய்ந்திருக்கிறதா என்பதோடு சோதனை முடிந்துவிடுகிறது. ஆனால் இருபது ஆண்டுகள் ஓடிய வண்டியில், வாங்கியவருக்குப் பெருஞ்செலவு வைக்கக்கூடிய பகுதிகளுள் முதன்மையானது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அதைக் கழற்றாமலேயே அதன் உள்நிலையை அறிய நமக்குக் கிடைக்கும் நல்ல சாட்சி அதனுள் ஓடும் ஆயில். அந்த ஆயிலின் அளவையும் நிறத்தையும் வாடையையும் கொண்டு கோளாறைக் கண்டறியும் முறையை, மெக்கானிக் வேலை அறியாதவருக்கும் விளங்கும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். எஞ்சின் ஆயில் ஓட்டத்தில் சிறிது எரிந்து குறைவது இயல்பு. கியர்பாக்ஸ் ஆயில் அப்படி எரிந்து தீர்வதில்லை. அது மூடிய சுற்றுக்குள்ளேயே ஓடித் திரும்புகிறது. ஆகவே அதன் அளவு குறைந்திருந்தால் எங்கோ வெளியேறியிருக்கிறது என்றும், அது கருத்துத் தீய்ந்திருந்தால் அளவுமீறிச் சூடேறியிருக்கிறது அல்லது உள்ளே கிளட்ச் வழுக்கியிருக்கிறது என்றும் பொருள். காரணத்தைத் தேடாமல் குறைந்ததை ஊற்றி நிரப்புவதும், கருத்ததை வடித்துவிட்டுப் புதியதை விடுவதும் சாட்சியத்தை அழிக்கும் வேலைதான்.

எடுத்துக்காட்டாக, 1999 முதல் 2006 வரையிலான தலைமுறையைச் சேர்ந்த ஷெவர்லே சில்வராடோ 1500 டிரக்கை எடுத்துக்கொள்வோம். அவற்றில் பெரும்பான்மையானவற்றில் இருப்பது ஜெனரல் மோட்டார்ஸின் 4எல்60-இ என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக். 1982இல் 700ஆர்4 என்ற பெயரில் வந்து, 1990இல் 4எல்60 என்று பெயர் மாறி, 1993 முதல் கணினிக் கட்டுப்பாட்டோடு வெளியான கியர்பாக்ஸ் இது. எண்ணிக்கையில் மிகுதியாக இருப்பதால் இதன் பலவீனங்கள் மெக்கானிக்குகளுக்கு நன்கு தெரிந்தவை. மற்ற நிறுவனங்களின் டிரக்குகள் முக்கியமாக வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லிச் செல்கிறேன்.

இந்த ஆயில் செய்யும் வேலை

கையால் கியர் போடும் வண்டியில் கியர்பாக்ஸ் ஆயிலுக்குப் பற்சக்கரங்களை வழவழப்பாக வைத்திருப்பதே முதன்மை வேலை. ஆட்டோமேட்டிக்கில் ஆயிலே இயந்திரத்தின் ஓர் உறுப்பு. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே உள்ள டார்க் கன்வர்ட்டரில், எஞ்சினோடு சுழலும் பக்கம் ஆயிலை வீசியடிக்க, அந்த ஆயிலின் வேகமே மறுபக்கத்தைச் சுழற்றி வண்டியை நகர்த்துகிறது. முன்புறம் உள்ள பம்ப் ஆயிலை அழுத்தத்தோடு வால்வ் பாடிக்கு அனுப்புகிறது; அங்கிருந்து எந்தக் கியருக்கு எந்தக் கிளட்ச் பிடிக்க வேண்டுமோ அந்தக் கிளட்சின் பிஸ்டனுக்கு அழுத்தம் போய்ச் சேர்கிறது. கிளட்ச் பிளேட்டுகள் ஆயிலில் நனைந்தபடியேதான் ஒன்றையொன்று பற்றுகின்றன. இவ்வளவிலும் பிறக்கும் வெப்பத்தைச் சுமந்து சென்று ரேடியேட்டருக்குள் உள்ள கூலரில் விட்டுவிட்டுத் திரும்புவதும் அதே ஆயில்தான்.

இங்கே புதியவர்கள் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. நல்ல ஆயில் என்றால் வழவழப்பு மிக்கது என்று நினைப்பது இந்த இடத்தில் பொருந்தாது. கிளட்ச் பிளேட் பிடிக்கும்போது அளவான வழுக்கல் தேவை. முழுதாகப் பிடித்த பிறகு வழுக்கவே கூடாது. இந்த இரட்டைக் குணத்தை உராய்வைச் சீராக்கும் சேர்மானங்கள் தருகின்றன. ஒவ்வொரு நிறுவனமும் தன் கிளட்ச் பிளேட்டுக்கு ஏற்றவாறு அவற்றை அமைக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் பழைய ஆயில்களில் இந்த வேலைக்குத் திமிங்கல எண்ணெய் சேர்க்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சட்டம் அதற்குத் தடை போட்ட பிறகுதான் மாற்றுச் சேர்மானங்களைத் தேடி ஆய்வகங்கள் உழைத்தன. சேர்மானங்கள் வெப்பத்தில் சிதைந்து தீர்ந்துபோவதால்தான், ஒரு துளிகூடக் குறையாமல் இருந்தாலும் ஆயிலை மாற்ற வேண்டிய காலம் வருகிறது.

அளவை முறையாகப் பார்ப்பது

கோளாறு என்று நினைத்து வருவனவற்றில் கணிசமான பகுதி தவறாகப் பார்த்த அளவிலிருந்தே பிறக்கிறது. எஞ்சின் ஆயிலைப் பார்ப்பதுபோல் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஆயிலின் அளவு காட்டும் கோலான டிப்ஸ்டிக்கை உருவினால், கியர்பாக்ஸில் உள்ளதைவிட மிகுதியான அளவு தெரியும். ஏனெனில் பம்ப் நின்றதும் ஆயில் கீழே உள்ள ஆயில் தட்டான பேனுக்கு இறங்கிவிடுகிறது. ஆயில் சூடாகும்போது விரிவதால் குளிர்ந்த நிலையில் தெரியும் அளவுக்கும் சூட்டில் தெரியும் அளவுக்கும் வேறுபாடு உண்டு.

சில்வராடோவில் வழி இதுதான்: சுமார் 24 கிலோமீட்டர் ஓட்டி ஆயிலை 82 முதல் 93 டிகிரி செல்சியஸ் வரையிலான வேலைச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். சமதரையில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, காலையும் பிரேக்கில் வைத்துக்கொண்டு, கியர் லீவரை ஒவ்வொரு நிலையிலும் மூன்று விநாடி நிறுத்தி நகர்த்தி, மீண்டும் பார்க் நிலைக்கு வர வேண்டும். எஞ்சின் குறைந்தது மூன்று நிமிடம் ஐடிலில் ஓடிய பின், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மீண்டும் முழுதாகச் செருகி, எடுத்துப் பார்க்க வேண்டும். கோலின் இரு பக்கத்தையும் பார்த்து, குறைவாகத் தெரியும் பக்கத்தையே கணக்கில் எடுப்பது சரியானது. கடும் வெயிலில் நெரிசலில் ஓட்டியிருந்தாலோ டிரெய்லர் இழுத்திருந்தாலோ அரைமணி நேரம் ஆறவிட்ட பிறகே பார்க்க வேண்டும், இல்லையேல் அளவு பொய் சொல்லும். டிப்ஸ்டிக்கைத் துடைக்கப் பஞ்சுநூல் உதிராத துணியைப் பயன்படுத்துங்கள். வால்வ் பாடியின் துளைகள் நூலிழைக்கும் இடம் கொடுக்காத அளவு நுண்மையானவை.

கிரைஸ்லர் நிறுவனத்தின் டாட்ஜ் ராம் டிரக் வைத்திருப்பவர்கள் இதில் ஒரு மாற்றத்தைக் கட்டாயம் அறிய வேண்டும். 46ஆர்இ, 47ஆர்இ போன்ற கிரைஸ்லர் கியர்பாக்ஸுகளில் பார்க் நிலையில் டார்க் கன்வர்ட்டருக்கு ஆயில் போவதில்லை. எனவே அவற்றில் அளவை நியூட்ரலில் வைத்தே பார்க்க வேண்டும். இரவெல்லாம் நின்ற ராம் டிரக் காலையில் டிரைவில் போட்டதும் சில விநாடி அசையாமல் நின்று பிறகு நகர்வதற்கும் இதுவே தொடர்பான காரணம்: கன்வர்ட்டரில் இருந்த ஆயில் பேனுக்கு வடிந்துவிட்டிருக்கிறது. ஸ்டார்ட் செய்ததும் சற்று நேரம் நியூட்ரலில் ஓடவிட்டால் அந்தத் தாமதம் நீங்குமானால் கிளட்ச் கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. 2005க்குப் பிந்திய டொயோட்டா டகோமாவின் வி6 ஆட்டோமேட்டிக்கில் டிப்ஸ்டிக்கே கிடையாது. வண்டியை மட்டமாக உயர்த்தி, ஆயிலின் வெப்பத்தை அளந்து, வழிந்தோடும் துளையின் போல்ட்டைத் திறந்து பார்க்கும் முறை அதற்கு உரியது. அந்த வேலையை முதல்முறை தெரிந்தவரிடம் விடுவதே நல்லது.

அளவு குறைந்தால் பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சுகிறது. நுரைத்த ஆயில் அழுத்தத்தைத் தாங்காது. கியர் விழத் தாமதமாகும், திருப்பத்தில் வண்டி ஒரு கணம் நியூட்ரலில் போனதுபோல் எஞ்சின் மட்டும் இரையும், பம்ப் முனகும். அளவு மிகுந்தாலும் விளைவு ஏறக்குறைய இதுவே: சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், மிஞ்சியது மேலுள்ள காற்றுத்துளை வழியே வெளியேறி சூடான எக்சாஸ்ட் குழாயில் சொட்டித் தீப்பிடிக்கவும் கூடும். குறைவாக ஊற்றினால் சேர்ப்பது எளிது, மிஞ்சினால் எடுப்பது கடினம் என்பதால், எப்போதும் அரை லிட்டருக்கும் குறைவாக ஊற்றி மறுபடி பார்த்தே மேலே செல்ல வேண்டும்.

நிறமும் வாடையும்

டிப்ஸ்டிக்கில் உள்ள ஆயிலை வெள்ளைக் காகிதத் துண்டில் சில துளி விட்டு வெளிச்சத்தில் பாருங்கள். புதிய ஆயில் தெளிந்த சிவப்பு. ஆனால் சிவப்பு, அடையாளத்துக்காகச் சேர்க்கும் சாயம் மட்டுமே. அது மங்கிப் பழுப்பானதால் மட்டும் ஆயில் கெட்டுவிட்டதாக முடிவுகட்டக் கூடாது. தெளிவாகவும் தீய்ந்த வாடையின்றியும் உள்ள பழுப்பு ஆயில், வயதாகிவிட்டது, மாற்றும் காலம் வந்துவிட்டது என்றே சொல்கிறது. கருத்து, ஒளி புகாமல், தீய்ந்த வாடையோடு, விரல்களுக்கிடையே தேய்த்தால் நுண்பொடி உறுத்துவதாக இருந்தால், கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பூச்சு ஆயிலில் கலந்திருக்கிறது. அந்தப் பூச்சு திரும்ப வராது. கிரைஸ்லரின் ஏடிஎஃப் பிளஸ் 4 ஆயில் மட்டும் விதிவிலக்கு: அது நல்ல நிலையிலேயே விரைவில் கருக்கும், அதன் வாடையும் தனியானது, நிறத்தையும் வாடையையும் கொண்டு அதை எடைபோடக் கூடாது என்று அந்நிறுவனமே தன் கையேட்டில் சொல்கிறது.

விற்பவர் வண்டியைக் காட்டுவதற்கு முந்தைய நாள் ஆயிலை மாற்றியிருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. ஒன்றரை லட்சம் மைல் ஓடிய டிரக்கில் கடையில் வாங்கியதுபோன்ற சிவப்பு ஆயிலைக் கண்டால் மகிழ்வதற்கு முன் எப்போது, ஏன் மாற்றினீர்கள், ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். முறையாகப் பராமரித்தவர் ரசீதைக் காட்டுவார், ஓடோமீட்டர் கணக்கையும் சொல்வார்.

எல்லாவற்றிலும் நான் மிகவும் அஞ்சுவது ரோஸ்மில்க் நிறத்தில் கலங்கிய ஆயிலைத்தான். நீரோ, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டோ உள்ளே கலந்திருக்கிறது என்பதே அதன் பொருள். முன்பே சொன்னதுபோல் ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் பெரும்பாலான டிரக்குகளில் ரேடியேட்டரின் பக்கத்தொட்டிக்குள் இருக்கிறது. ஒரு மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் கூலன்ட், இந்தப் பக்கம் ஆயில். அந்தச் சுவர் விரிசல் கண்டால் இரண்டும் கலந்துவிடுகின்றன. 2005 முதல் 2010 வரையிலான நிசான் ஃபிரான்டியர் பிக்கப்பிலும் அதன் உடன்பிறப்புகளான எக்ஸ்டெரா, பாத்ஃபைண்டர் வண்டிகளிலும் இந்தக் கோளாறு பரவலாக வந்து, வழக்குகளுக்குப் பின் நிறுவனம் ரேடியேட்டருக்கான உத்தரவாதக் காலத்தை நீட்டித்தது. கூலன்டில் உள்ள கிளைக்கால் என்ற வேதிப்பொருள் கிளட்ச் பிளேட்டில் உராய்வுப் பூச்சைப் பிடித்திருக்கும் பசையை இளக்கி, பூச்சை உரித்துவிடும். ஆகவே ரேடியேட்டரை மாற்றி ஆயிலைப் பலமுறை வடித்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை, கலந்து மிகக் குறைந்த நேரமே ஆகியிருந்தால் மட்டுமே பலிக்கக்கூடும். கலங்கிய ஆயிலைக் கண்டால் வண்டியை மேலும் ஓட்டாதீர்கள். ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துச் செல்லச் செய்யுங்கள். பழைய ஃபிரான்டியரை வாங்கினால் ரேடியேட்டர் எப்போது மாற்றப்பட்டது என்பதே முதற்கேள்வியாக இருக்கட்டும். மாற்றப்படவில்லையென்றால், வாங்கிய வாரத்திலேயே அதை மாற்றிவிடுவதோ கூலரைத் தனியே வெளியில் பொருத்துவதோ கியர்பாக்ஸின் விலையோடு ஒப்பிட்டால் சிறிய செலவு.

கூலன்ட் கலவாமலும் ஆயில் கலங்குவதுண்டு. ஆழமான நீரில் இறங்கிய வண்டியில் காற்றுத்துளை வழியே நீர் புகுந்துவிடும். 2017இல் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்த பின் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் சுத்தம் செய்யப்பட்டு வேறு மாநிலங்களில் விற்பனைக்கு வந்துவிடும் என்ற எச்சரிக்கை பரவலாக விடுக்கப்பட்டது. டெக்சாஸ், லூசியானா கடலோரத்திலிருந்து வந்த பழைய டிரக்கில் சீட்டுக்கு அடியில் சேற்றுத்தடமும், கலங்கிய கியர்பாக்ஸ் ஆயிலும் சேர்ந்து தென்பட்டால் அதை விட்டுவிடுவதே அறிவு.

குறைந்த ஆயில் எங்கே போனது?

இரவில் வண்டிக்கு அடியில் பெரிய அட்டையை விரித்து, எந்த இடத்துக்கு நேராக எந்த நிறத்தில் சொட்டுகிறது என்று காலையில் பார்ப்பது செலவில்லாத சோதனை. ஓட்டத்தில் வரும் காற்று ஆயிலைப் பின்னோக்கித் தள்ளிவிடுவதால், நனைந்திருக்கும் இடத்தைக் கொண்டு கசியும் இடத்தை முடிவுசெய்ய வேண்டாம். கியர்பாக்ஸின் அடிப்பகுதியைச் சுத்தமாகக் கழுவித் துடைத்து, சிறிது தூரம் ஓட்டி, ஈரத்தின் முன்கோடியிலும் மேல்விளிம்பிலும் தேட வேண்டும்.

பேனின் விளிம்பைச் சுற்றிக் கசிந்தால் கேஸ்கட். பெரும்பாலும் முன்பு யாரோ போல்ட்டுகளை அளவுமீறி இறுக்கி விளிம்பை வளைத்திருப்பார்கள். பின்கோடியில், டிரைவ் ஷாஃப்ட் நுழையும் இடத்தில் கசிந்தால் அங்குள்ள ஆயில் சீல், மலிவான வேலை. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், அடியிலிருந்து சிவப்பாகச் சொட்டினால் பம்பின் முன்சீல். பாகம் மலிவு, ஆனால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். அதே இடத்தில் எஞ்சினின் பின்சீலும் கசியக்கூடும் என்பதால், சொட்டுவது சிவப்பா, எஞ்சின் ஆயிலின் பழுப்பா என்பதை உறுதிசெய்த பிறகே வேலையை ஒப்படையுங்கள். மிச்சிகன், ஒஹாயோ போன்ற, குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களில் ஓடிய டிரக்குகளில் கூலருக்குப் போய்வரும் இரும்புக் குழாய்கள் துருப்பிடித்து ஓட்டையாகும். அந்தக் குழாய்களில் அழுத்தத்தோடு ஆயில் ஓடுவதால், ஒன்று உடைந்தால் சில நிமிடங்களில் கியர்பாக்ஸ் காலியாகிவிடும். துரு செதில் செதிலாக உரியும் குழாயைக் கண்டால், கசியத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

எங்கும் ஈரமே இல்லாமல் அளவு குறைந்துகொண்டே வந்தால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, ரேடியேட்டர்; கூலன்ட் தொட்டியில் சிவப்பு எண்ணெய்ப்படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, நான்கு சக்கர இழுவை உள்ள டிரக்கில் கியர்பாக்ஸுக்குப் பின்னால் பொருத்தியிருக்கும், முன்சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ். இடையே உள்ள சீல் தேய்ந்தால் கியர்பாக்ஸ் ஆயில் அதற்குள் போய்விடும். சில்வராடோவின் ஆட்டோட்ராக் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குரிய ஆயில் நீல நிறம் என்பதால், அங்கிருந்து சிவப்பு கலந்து வடிந்தால் விடை கிடைத்துவிட்டது. மூன்றாவது, இன்னும் பழைய டிரக்குகளுக்கு மட்டும் உரியது: ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ 350, 400, ஃபோர்டின் சி6 போன்ற கணினியில்லாத கியர்பாக்ஸுகளில் எஞ்சினின் வெற்றிடத்தோடு ரப்பர் குழாயால் இணைந்த மாடுலேட்டர் என்ற சிறு உறுப்பு உண்டு. அதனுள் இருக்கும் ரப்பர்த் தகடு கிழிந்தால் எஞ்சின் கியர்பாக்ஸ் ஆயிலை உறிஞ்சி எரித்துவிடும். எக்சாஸ்டில் வெண்புகை எழும், தரையில் ஒரு துளியும் இருக்காது. அந்த ரப்பர் குழாயைக் கழற்றிப் பார்த்து, உள்ளே சிவப்பு ஆயில் இருந்தால் மாடுலேட்டரை மாற்றினால் போதும். எஞ்சின் பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று தவறாக முடிவுசெய்து பெருஞ்செலவில் இறங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது.

ஆயிலால் தீர்வதும் தீராததும்

குறைந்த அளவால் வந்த தாமதமும் வழுக்கலும் அளவைச் சரிசெய்ததும் நீங்கிவிடும். கசிவை அடைத்துவிட்டால் கதை முடிந்தது. ஆயிலின் சேர்மானம் தீர்ந்து வரும் உதறலும் பல நேரங்களில் ஆயில் மாற்றத்தால் தீர்கிறது. மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி செல்கையில், கற்கள் பதித்த தடத்தில் ஓடுவதுபோல் வண்டி சில விநாடி உதறினால், டார்க் கன்வர்ட்டருக்குள் இரு பக்கத்தையும் நேராகப் பிணைக்கும் பூட்டுக் கிளட்ச் சீராகப் பிடிக்காமல் விட்டுவிட்டுப் பிடிக்கிறது என்று ஐயுறலாம். உதறும்போது இடக்காலால் பிரேக் பெடலை, பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொட்டுப் பாருங்கள். அந்தப் பூட்டு உடனே விடுபடும். உதறல் அதோடு நின்றால் கன்வர்ட்டர் கிளட்சும் ஆயிலும்தான் விசாரணைக்கு உரியவை. நிற்காவிட்டால் எஞ்சினின் ஸ்பார்க் பிளக், காயில் பக்கம் திரும்ப வேண்டும். 1990களின் ஃபோர்டு எஃப்-150 டிரக்குகளில் இருந்த 4ஆர்70டபிள்யூ கியர்பாக்ஸின் உதறலுக்கு, கன்வர்ட்டரில் உள்ளதையும் சேர்த்து முழு ஆயிலையும் வடித்து மெர்கான் வி ஆயிலால் நிரப்புவதையே ஃபோர்டு தீர்வாகச் சொன்னது.

இனித் தீராதவை. 4எல்60-இ கியர்பாக்ஸில் இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும்போது எஞ்சின் வேகம் திடீரென எகிறி, ஆயிலும் தீய்ந்த வாடை அடித்தால், மூன்று, நான்காம் கியர்களுக்கான கிளட்ச் எரிந்திருக்கிறது. இந்த கியர்பாக்ஸின் பெயர்போன பலவீனம் அது. ஆயில் சுத்தமாகவே இருக்க, ரிவர்ஸ் விழாமல், இரண்டாம், நான்காம் கியர்களும் திடீரென இல்லாமற் போய், முதலும் மூன்றும் மட்டும் இருந்தால், சன் ஷெல் என்ற உலோகக் கூடு உடைந்திருக்கிறது. இரண்டுக்குமே கழற்றிச் சரிசெய்வதே வழி. நெடுஞ்சாலையில் சூடேறிய பின் கன்வர்ட்டர் பூட்டு வழுக்கி, பி1870 என்ற கோளாறுக் குறியீடு பதிவாகி, முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறும்போது பலமாக இடித்தால், வால்வ் பாடியில் ஒரு வால்வ் இருக்கும் துளை தேய்ந்திருக்கிறது. அதற்கு வால்வ் பாடி வேலை வேண்டும், கியர்பாக்ஸ் முழுவதையும் மாற்ற வேண்டிய தேவை எப்போதும் இல்லை. 1996 மாடல் ஆண்டு முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களிலும் இலகுரக டிரக்குகளிலும் வண்டிக் கணினியின் கோளாறுப் பதிவைப் படிக்கும் ஓபிடி-2 இணைப்பு கட்டாயம் என்பதால், சில டாலருக்குக் கிடைக்கும் சிறு கருவியைச் செருகியே இக்குறியீடுகளைப் படித்துவிடலாம். வழுக்கும் கியர்பாக்ஸுக்கு டப்பாவில் விற்கும் மருந்தை ஊற்றச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். எரிந்த பூச்சை எந்த மருந்தும் திரும்பக் கொண்டுவந்து ஒட்டாது.

பழைய ஆயிலை மாற்றலாமா?

நீண்ட நாள் மாற்றாத ஆயிலை மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும் என்ற அச்சம் பலரிடம் இருக்கிறது. இந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பதை ஊகிப்பது கடினமில்லை: பெரும்பாலானோர் வழுக்கத் தொடங்கிய பிறகே ஆயிலை மாற்ற நினைக்கிறார்கள், ஏற்கெனவே சாகும் தறுவாயில் இருந்த கிளட்ச் மாற்றிய வாரத்தில் போய்விட்டால் பழி புதிய ஆயில் மேல் விழுகிறது. என் தெளிவான கருத்து இது: கியர்கள் ஒழுங்காக விழுந்து, ஆயில் பழுப்பாக இருந்தாலும் தீயாமல் இருந்தால் மாற்றுங்கள். ஆயில் கருத்துத் தீய்ந்து, வழுக்கலும் இருந்தால், ஆயில் மாற்றத்தில் பணம் போடாமல் பழுதுபார்க்கும் செலவுக்குச் சேமியுங்கள். சில்வராடோவின் கையேடு டிரெய்லர் இழுக்கும், மலைப்பாங்கான, வெப்பமான நகர நெரிசலில் ஓடும் வண்டிக்கு 50,000 மைலுக்கு ஒருமுறையும் மற்றவற்றுக்கு 100,000 மைலுக்கு ஒருமுறையும் மாற்றச் சொன்னது. பழைய டிரக்கில் முதற்கணக்கையே பின்பற்றுவது நலம்.

இயந்திரம் கொண்டு முழு ஆயிலையும் தள்ளி வெளியேற்றும் முறையைவிட, பேனைக் கழற்றி, ஃபில்டரையும் மாற்றும் முறையையே பழைய வண்டிக்கு நான் விரும்புகிறேன், ஏனெனில் பேனைத் திறந்தால்தான் உள்ளே கிடப்பதைப் பார்க்க முடியும். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி அடியில் நுழையாதீர்கள். உறுதியான தாங்கிகள் வேண்டும். ஆயில் கைபொறுக்கும் சூட்டில் இருக்கட்டும். பேனின் காந்தத்தில் சாம்பல்நிறப் பசை படிந்திருப்பது இயல்பான தேய்மானம். பித்தளை நிறச் செதில்கள் தெரிந்தால், சுழலும் தண்டைத் தாங்கும் வளையமான புஷ் தேய்கிறது. கறுப்புத் துணுக்குகள் மிகுதியாகக் கிடந்தால் கிளட்ச். விரலால் எடுக்கக்கூடிய இரும்புத்துண்டு கிடந்தால் ஏதோ உடைந்திருக்கிறது. பழைய ஃபோர்டு டிரக்கின் பேனில் மஞ்சள் பிளாஸ்டிக் அடைப்பான் ஒன்று கிடந்தால் பதறாதீர்கள்: தொழிற்சாலையில் டிப்ஸ்டிக் துளையை மூடியிருந்த அதை, குழாயைப் பொருத்தும்போது உள்ளே தள்ளிவிடுவார்கள். அது அங்கே இருப்பதற்குப் பொருள், அந்தப் பேன் தொழிற்சாலையை விட்டு வந்த நாளிலிருந்து திறக்கப்படவே இல்லை என்பது!

4எல்60-இ பேனைக் கழற்றினால் சுமார் 4.7 லிட்டர்தான் வெளியேறும்; மொத்தக் கொள்ளளவு 10 லிட்டருக்கும் மேல். மிச்சம் டார்க் கன்வர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடுகிறது. ஆகவே வடித்த ஆயிலை அளந்து, அவ்வளவே ஊற்றித் தொடங்க வேண்டும். பாதி பழையதாகவே இருக்குமே என்று கவலைப்படுபவர்கள் சில ஆயிரம் மைல் ஓட்டியபின் மறுமுறை வடித்து நிரப்பலாம்.

எந்த ஆயில் என்பதில் சமரசம் கூடாது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஆட்டோமேட்டிக் ஆயில் தரமான டெக்ஸ்ரான்-3 ஆயிலுக்கு உரிமம் கொடுப்பதை 2006 இறுதியோடு நிறுத்திவிட்டது. அதற்கு ஈடாகப் பழைய சில்வராடோவிலும் டெக்ஸ்ரான்-6 ஊற்றலாம் என்பது அந்நிறுவனத்தின் நிலைப்பாடு. மேலே சொன்ன கிரைஸ்லர் கியர்பாக்ஸுள்ள ராமுக்கு ஏடிஎஃப் பிளஸ் 4தான். அதில் டெக்ஸ்ரான் ஊற்றினால் உதறல் வரக்கூடும். 1970களின் நடுப்பகுதி வரையிலான பல ஃபோர்டு டிரக்குகளுக்கு உரிய டைப் எஃப் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்மானமே கிடையாது. அதைப் புதிய வண்டியில் ஊற்றினால் கியர் ஒவ்வொன்றும் இடித்து விழும். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று எழுதியிருக்கும் டப்பாவைவிடக் கையேட்டில் உள்ள பெயரையும், டிப்ஸ்டிக்கின் தலையில் பொறித்திருந்தால் அதையும் நம்புங்கள்.

கடைசியாக வெப்பம். இந்த ஆயில் முதுமையடைவது பெரும்பாலும் வெப்பத்தால். வெப்பநிலை சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறும்போதெல்லாம் ஆக்சிஜனோடு சேர்ந்து சிதையும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்பது பொதுவான கணக்கு. படகோ டிரெய்லரோ இழுக்கும் டிரக்கில் ரேடியேட்டருக்கு முன்னால் தனிக் கூலர் ஒன்றைப் பொருத்துவது மிகவும் பயனுள்ள செலவு. ஏற்றத்தில் கியர்பாக்ஸ் மூன்றுக்கும் நான்குக்கும் இடையே மாறி மாறித் தவித்தால் லீவரை மூன்றில் வைத்து ஓட்டுங்கள், நெடுஞ்சாலைச் சரக்குப் பயணத்தில், சுமை இழுப்பதற்கேற்ப கியர் மாற்றத்தைச் சரிசெய்யும் டோ/ஹால் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். கியர்பாக்ஸ் உடைந்து மாற்றப்பட்ட வண்டியில் மட்டும், பழைய கூலரையும் குழாய்களையும் நன்கு கழுவியோ புதிதாக மாற்றியோ இருக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய கியர்பாக்ஸின் உலோகத்தூள் அங்கே தங்கியிருந்தால், புதியதன் பம்புக்குள்ளும் வால்வ் பாடிக்குள்ளும் அதுவே போய்ச் சேரும்.